மாம்பழக் கூடையும் மாத்திரை டப்பாவும்



காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் மாந்தோப்புகளில் காய் பறிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் சில நாளில் உங்கள் வீட்டுக்கும் ஒரு கூடை வந்து சேரும். செந்தூராவோ மல்கோவாவோ, வீடு முழுக்க வாசம் அடிக்கும். லீவு விட்டாயிற்று. ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்திறங்குவார்கள். ஒகேனக்கல் போகலாமா, தீர்த்தமலை போகலாமா என்று பேச்சு எழும். அந்த வீட்டில் சர்க்கரையோ பிரஷரோ மூட்டு வலியோ உள்ள ஒருவர் இருப்பார் இல்லையா, அவரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் மைக் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

வெயில் காலம் வந்தால் நம் வீடுகளில் இவருக்கு இரண்டு விதமான உபசாரம் நடக்கும். ஒன்று, முழுத் தடை. "உனக்கு எதுக்கும்மா இந்த வெயில்ல அலைச்சல், நீ வீட்டைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வேன் கிளம்பிவிடும். இன்னொன்று, முழுச் சலுகை. "ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது மாமா, சும்மா சாப்பிடுங்க" என்று ஒரு பழத்தை அப்படியே நறுக்கித் தட்டோடு நீட்டுவார்கள். இரண்டும் பாசத்தில் செய்வதுதான். ஆனால் இரண்டிலுமே யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய அவசியம் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தல்.

யோசித்தால் வழி இருக்கிறது. மாம்பழத்தையே எடுத்துக்கொள்வோம். நூறு கிராம் சதையில் சுமார் 14 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஏறக்குறைய மூன்று டீஸ்பூன். சாப்பாட்டை வயிறு நிறையச் சாப்பிட்டு அதற்கு மேல் ஒரு பழம் என்றால் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் சாதத்தைக் குறைத்துக்கொண்டு ஒரு கீற்றை மென்று, ருசித்துச் சாப்பிடுவது வேறு விஷயம். ஜூஸாக அடித்துக் குடிப்பது மட்டும் வேண்டாம். டம்ளரில் எத்தனை பழம் போயிற்று என்று நாக்குக்குத் தெரியாது. நம் பக்கத்தில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லதாம், அதனால் கூழை எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாமாம். கேழ்வரகு நல்ல தானியம்தான், நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். நன்றாகக் கரைத்துக் காய்ச்சிய கூழ் சீக்கிரம் ஜீரணமாகி ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஒரு சொம்போடு நிறுத்திக்கொண்டு, கூடவே வெங்காயமும் மோரும் சேர்த்துக்கொண்டால் வயிறும் நிறையும், வெயிலுக்கும் இதம்.

ஒகேனக்கல் போவதில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றினால் போதும், புறப்படும் நேரத்தை. நம் வேன்கள் வழக்கமாகப் பத்து மணிக்குக் கிளம்பும். போய்ச் சேரும்போது பாறை கொதிக்கும். வெயில் காலத்தில் ஆற்றில் தண்ணீர் இறங்கி, பாறைகள்தான் அதிகம் வெளியே தெரியும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெறுங்காலோடு அந்தப் பாறையில் நடப்பது யாருக்கும் சிரமம். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்கு ஆபத்து, ஏனென்றால் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும், சுட்டது தெரியாது. ராத்திரி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கொப்புளம் கண்ணில் படும். அது ஆறாத புண்ணாகி விரலையே இழந்தவர்கள் உண்டு. கோயில் பிராகாரத்தில் உச்சி வெயிலில் சுற்றுவதும், மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிப்பதும் இதே கணக்குதான். வேண்டுதலை வீட்டில் இன்னொருவர் நிறைவேற்றட்டும், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

விடியும் முன் கிளம்பிப் பாருங்கள். பென்னாகரம் தாண்டும்போது காற்றே குளிர்ச்சியாக இருக்கும். ஏழு மணிக்கு ஆற்றங்கரை. குளித்து, பரிசல் ஏறி, வறுத்த மீன் சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். பாட்டிக்காக நேரத்தை மாற்றினோம் என்று ஆரம்பிக்கும், கடைசியில் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் சந்தோஷப்படுவார்கள்.

இனி தண்ணீர். வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எந்த ஊர் டாக்டரும் சொல்வார். தர்மபுரிக்காரர்கள் மட்டும் அதோடு ஒன்று சேர்த்துக் கேட்க வேண்டும்: எந்தத் தண்ணீரை?

நம் மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடிப் பாறையிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. ஆழமாகப் போர் போட்டு எடுக்கும் தண்ணீரில் அது கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால், சின்ன வயதில் பல்லில் கறை விழும். பிறகு எலும்பில் படிந்து முட்டி மடங்காது, இடுப்பு குனியாது, கழுத்து திரும்பாது. இதற்குத்தான் ஃபுளோரோசிஸ் என்று பெயர். வயதாகிவிட்டது, அதனால் வலிக்கிறது என்று எத்தனையோ பேர் நினைத்துக்கொண்டது உண்மையில் தண்ணீர் செய்த வேலை. அதிலும் வெயில் காலத்தில்தான் உடம்பு அதிகத் தண்ணீர் கேட்கும், அதிக ஃபுளோரைடும் உள்ளே போகும். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதன் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு, 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் தொடங்கிவைத்தார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர். எலும்பில் ஏற்கெனவே ஏறிய பாதிப்பைத் திருப்பி எடுக்க மருந்து கிடையாது. மேலே சேராமல் தடுப்பது நம் கையில் இருக்கிறது. ஆகவே கோடையில் குழாய்த் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தால், காவிரித் தண்ணீர்க் குடத்தைக் குடிப்பதற்கும் சமையலுக்கும் ஒதுக்குங்கள். துவைக்க, குளிக்க போர்த் தண்ணீர் போதும். பல வீடுகளில் இது தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு சின்னத் தகவல். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உணவோடு புளி சேர்த்துக்கொண்ட பள்ளிச் சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது என்கிறது அது. சிறிய ஆய்வுதான், புளி மருந்தாகிவிடாது. ஆனாலும் ரோடு ஓரமெல்லாம் புளியமரம் நிற்கும் நம் ஊர்க்காரர்களுக்கு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்ள ஒரு சாக்கு.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் என்று டாக்டர் அளவு சொல்லியிருப்பார். வெயில் என்பதற்காக நாமாகக் கூட்டக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் பழுதானவருக்கு அது இதயத்தையே பாதிக்கும். நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீர் வாங்கிப் போகும் பழக்கம் நமக்கு உண்டு, வாங்குவதற்கு முன் என்ன நோய் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கத்திரி வெயிலில் வியர்வையும் சேர்ந்து உடம்பில் நீர் வற்றும். எழுந்து நின்றால் தலை சுற்றும். தலை சுற்றுகிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடுவது தவறு, பிரஷரைப் பார்த்து அளவை மாற்ற வேண்டியவர் டாக்டர். இன்சுலின் போடுபவர்கள் மருந்தைப் பைக் பெட்டியிலோ வேன் ஜன்னல் ஓரத்திலோ வைக்காதீர்கள், சூட்டில் வீரியம் போய்விடும். ஃபிரீசரிலும் வைக்கக் கூடாது, உறைந்தால் கெட்டுவிடும். கரண்ட் போனாலோ ஃபிரிட்ஜ் இல்லாவிட்டாலோ, மண்பானைத் தண்ணீரில் மூடிய டப்பாவுக்குள் வைத்தால் தாக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்று தயங்க வேண்டாம். 2004 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி என்ற கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டிலேயே கிடைக்கின்றன. அடுத்த முறை மாத்திரை கொண்டுவரும் அம்மா வரும்போது, வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். திண்ணையில் உட்கார வைத்து ஒரு டம்ளர் மோர் கொடுத்துக் கேளுங்கள்: இந்த வெயிலுக்கு என் மாத்திரையில் எதையாவது மாற்ற வேண்டுமா, டாக்டரைப் பார்க்க வேண்டுமா, என் பாதத்தைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா?

வேனுக்குச் சொல்லப் போகும் பிள்ளைகளே, டிரைவரிடம் நேரம் சொல்வதற்கு முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முன் சீட்டை அவருக்கு விடுங்கள். மாத்திரை டப்பாவை உங்கள் பையில் எடுத்துக்கொள்ளுங்கள்.