பிள்ளைத்தாய்ச்சியின் உணவு: அன்பும் அளவும்

நம் வீடுகளில் ஒரு பெண் பிள்ளையுண்டாகிவிட்டால், "இனி நீ இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும்" என்று உம்மாவும் மாமியும் சொல்கிறார்கள். நெய்ச்சோறும் வட்டிலப்பமும் வந்து குவிகின்றன. வேண்டாம் என்றால் பெரியவர்கள் மனம் நோகுமே என்று அவளும் உண்கிறாள். பின்னர் உடல் பருத்து, பிரசவம் சிக்கலாகும் என்று மருத்துவர் எச்சரித்தால், "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்ற பழி அவள்மீதே விழுகிறது. இது நீதியா என்று நாம் சிந்திக்க வேண்டும்.

முதல் மூன்று மாதங்களில் கூடுதல் உணவு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. அதன்பின் நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி கூடினால் போதும். இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். இரண்டாம் உயிரின் பங்கு ஏறத்தாழ இவ்வளவே! அமெரிக்க மருத்துவ வல்லுநர்கள் 2009-ல் வகுத்த அளவின்படி, சரியான எடையுள்ள பெண் கர்ப்ப காலத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடலாம். முன்பே மிகப் பருமனாக இருப்பவளுக்கு 5 முதல் 9 கிலோ போதும். பருமன் மிகுந்தால் சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, ஆபரேஷன் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பும் மிகுகிறது.

அதற்காகப் பட்டினி கிடப்பதும் தவறு. எடையைக் குறைக்க இது காலமன்று. கீரை, பருப்பு, முட்டை, மீன், மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை குறையக் கூடாது. குறைய வேண்டியவை நெய்யும் சீனியும் பொரித்த பண்டமுமே.

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்பது அருள்மறையின் கட்டளை. தலாக் சொல்லப்பட்ட மனைவி கர்ப்பிணியாக இருந்தால்கூட, பிரசவம் வரை அவளுக்குச் செலவு செய்வதைக் கணவன்மீது கடமையாக்கியிருக்கிறான் இறைவன். தாய்க்கோ சேய்க்கோ தீங்கு வரும் என்று அஞ்சினால், ரமளான் நோன்பையே பிற்படுத்த அவளுக்கு அனுமதி உண்டு. அவளுக்காகப் பர்ளையே தளர்த்தும் ஷரீஅத், வெறும் ஊர் வழக்கத்துக்காக அவள் உடலை வருத்தச் சம்மதிக்குமா?

ஆகவே, அவளது உடல் வீட்டார் அனைவரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். அவள் "போதும்" என்றால் கரண்டியை நிறுத்துவதும் அன்புதான். கணவன் அவள் பக்கம் நின்று பேசட்டும். மருத்துவர் அனுமதித்தால் மாலையில் அவளோடு சிறிது நடக்கட்டும். உண்ட வாய்க்கு மட்டுமல்ல, ஊட்டிய கைக்கும் நாளை கேள்வி கணக்கு உண்டு.

வல்ல நாயன் நம் தாய்மார்களுக்கும் பிறக்கவிருக்கும் மக்களுக்கும் நற்சுகத்தை அருள்வானாக! ஆமீன்.