தட்டில் ஏறாத குரல்

ப்ளூஸ் கிதார்காரர் ராபர்ட் ஜான்சன் 1936லும் 1937லும் டெக்சாஸில் பதிவு செய்த பாட்டுகள் மொத்தம் 29. 1938இல் இறந்துபோனார், வயசு 27. அந்தத் தட்டுகள் இல்லையென்றால் எரிக் கிளாப்டன் யாரைக் கேட்டு வளர்ந்திருப்பார்?

அந்த முதல் பதிவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1934இல், எங்க ஊர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை காலமானார்.  ஒரு இசைத்தட்டுகூடக் கொடுக்கவில்லை. கிராமபோன் ஊரெல்லாம் பாடிக்கொண்டிருந்த காலம் அது.

பின்னால் வரப்போகிறவர்களுக்குப் பாடகன் ஏதாவது கடன்பட்டிருக்கிறானா?

இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அவர் பேர் வாங்கியது பல்லவியிலும் லயத்திலும். வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று மேடையில் ஒரு படையே உட்காரும். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்பார்கள். ஒரே வரியை எடுத்து, காலத்தை இரட்டித்து, கணக்கில் முடிச்சுப் போட்டு, எல்லோர் முன்னாலும் அவிழ்க்கிற வேலை. தட்டின் ஒரு பக்கமோ மூணு, மூணரை நிமிஷம். முடிச்சு விழறதுக்குள்ள ஊசி நடுவுக்கு வந்துடும். தன் பாட்டு அதற்குள் அடங்காது என்று ஒருவர் நினைத்தால் அதைத் திமிர் என்று சொல்ல முடியாது.

ஆனால் அவர் அம்மாவின் கூடப்பிறந்தவர் தனகோடி அம்மாள் அதே தட்டுக்குப் பாடியிருக்கிறார். கிராமபோன் வந்த புதிதில் துணிந்து பாடியவர்களில் இசைவேளாளர் பெண்கள் நிறையப் பேர். கச்சேரிக்குள் நுழைய முடியாதவன்கூடத் தட்டுச் சுழலும் கடை வாசலில் நின்று கேட்கலாம். மறுப்பவர் இழப்பதைவிட, வாசலில் நிற்பவன் இழப்பது அதிகம். 'கலையின் தூய்மை' என்று பேசுகிற நம்மவர்கள் இந்த ஆளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நாயனாப் பிள்ளை கஞ்சத்தனம் பண்ணவும் இல்லை. வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் கற்றவர்கள். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவர் சீடர். அவர் இசைத்தட்டு கொடுத்தார். குரு வேண்டாம் என்றதைச் சீடர் செய்தது துரோகமா? எனக்கு அப்படித் தெரியவில்லை. கொடுக்க மறுத்த உரிமை குருவோடு முடிகிறது. கற்றுக்கொடுத்தபிறகு பாட்டு சீடருடையதும்தானே.

பிருந்தா பாடிய பதிவுகளைக் கேட்கும்போது, இது தனம்மாள் வீட்டுப் பிடி, இது காஞ்சிபுரத்துப் பிடி என்று பிரிக்கப் பார்ப்பேன். சில இடங்களில் முடிகிறது. பல இடங்களில் பிருந்தாதான் கேட்கிறார்.