காவலில் உள்ள உயிர்

சிராங்கூன் சாலையில் அடகு பிடிக்கும் வணிகன் பிறர் நகையை வாங்கிப் பூட்டி வைக்கிறான். மீட்க வந்தவனிடம், "நகை தொலைந்தது, விலையைப் பெற்றுக்கொள், எவ்வாறு தொலைந்தது என்று கேளாதே" என்று அவன் கூறுவானாயின் நாம் ஒப்புவோமா? பொன்னுக்கே கணக்குக் கேட்கும் நாம், சர்க்கார் தன் காவலில் எடுத்துக்கொண்ட மனித உயிருக்குக் கணக்குக் கேட்க வேண்டாமா?

2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள், சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் தினேஷ் ராமன் என்னும் 21 வயது இளைஞர் இறந்தார். அவர் அதிகாரி ஒருவரைத் தாக்கவே, அதிகாரிகள் அவரை அடக்கிக் கவிழ்த்துக் கிடத்தினர். மூச்சடைத்து உயிர் நீங்கிற்று. 2013-இல் சிறை அதிகாரியொருவர், கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவருக்கு 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. சர்க்காரும் பொறுப்பை ஏற்று நஷ்டஈடு தர முன்வந்தது. ஆயினும் தாயார் வேண்டியது பகிரங்க மரண விசாரணை. குற்ற வழக்கு முடிந்தபின் நிறுத்தப்பட்ட அவ்விசாரணையை மீண்டும் தொடங்க உயர் நீதிமன்றம் இசையவில்லை.

"கைதிதானே முதலில் கை நீட்டினார்? பொறுப்பும் ஏற்கப்பட்டதே! இன்னும் என்ன வேண்டும்?" என்பர் சிலர். தெருவில் செல்பவன் ஆபத்து நேர்ந்தால் ஓடலாம். அயலாரைக் கூவி அழைக்கலாம். கைதிக்கு இவ்விரண்டும் இல்லை. அவற்றைப் பறித்தது சர்க்கார். ஆகவே, தீங்கு சக கைதியால் வரினும் காவலரால் வரினும், காக்கும் கடமை அதனுடையதே. நீதிமன்றம் அவருக்கு விதித்தது சிறைவாசம், மரணமன்று. மேலும், நஷ்டஈடு இறந்தவரின் குடும்பத்துக்கு உரியது; உண்மையோ, இன்றும் சிறையறைகளில் இருப்போர் அனைவருக்கும் உரியது. எந்தப் பிழை ஓர் உயிரைக் கொண்டது என்று ஊர் அறியாவிடின், அப்பிழை மீண்டும் நேராதென்பதற்கு உறுதி ஏது?

ஒரிசாவில் 1987-இல் போலீஸ் காவலில் இருந்த சுமன் பெஹரா ரயில் பாதையருகே பிணமாகக் கிடந்தார். தாயார் நீலாபதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற இந்தியாவின் உச்ச நீதிமன்றம், மாவட்ட நீதிபதியைக் கொண்டு நடந்ததை விசாரித்தறிந்தது. அதன் பின்னரே, 1993-இல், 1,50,000 ரூபாய் அளிக்கப் பணித்தது. முதலில் உண்மை, பிறகு பணம் என்னும் அம்முறையே நேரியது என்பது நமது துணிபு.

சிங்கப்பூருக்கும் இம்முறை புதிதன்று. 2013 டிசம்பர் 8-ஆம் நாள் லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டபோது, சர்க்கார் விசாரணைக் குழுவை அமைத்தது. மறு ஆண்டில் அக்குழு சாட்சிகளைப் பகிரங்கமாக விசாரித்து அறிக்கை வெளியிட்டது. ஆயிரம் கண்கள் பார்த்திருந்த தெருவுக்கே அத்தகைய விசாரணை வேண்டியிருந்ததென்றால், வெளியார் கண் எட்டாத சிறையறைக்கு அது எவ்வளவு இன்றியமையாதது!