எஜமானன் இல்லாத வேலை

'கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மெண்டு உத்தியோகம்' என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்த சமூகம் நம்முடையது. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று கேட்குமுன், எங்கே வேலை என்றுதான் கேட்போம். அப்படிப்பட்ட சமூகத்தில் இன்று படித்த ஓர் இளைஞன், நல்ல சம்பளம் வாங்கிய இடத்தில் ராஜிநாமாவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்காருகிறான். மொழிபெயர்க்கிறான், படம் வரைகிறான், முகம் தெரியாத வெளிநாட்டு வியாபாரிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறான். அவன் 'சும்மா இருக்கிறான்' என்றுதான் பெரியவர்கள் அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள்.

உழைக்க அஞ்சி ஓடிவந்தவன் என்பது அநியாயம். சம்பளக்காரன் தூங்கிய பிறகும் இவன் அறையில் விளக்கு எரிகிறது. இவன் அஞ்சியது வேறொன்றுக்கு. தங்கையின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் வேண்டுமென்றாலும் 'தயவுகூர்ந்து' என்று தொடங்கி மனு எழுத வேண்டியிருக்கிறதே, அதற்கு! தன் பகல்களை இன்னொருவர் அனுமதித்து, தான் வாழ்வதா என்ற கூச்சம் அது.

நம் தகப்பனார்கள் அதைச் சகித்தார்கள். அடிமைப் புத்தியினால் அல்ல. அது ஒரு பேரம். பகல்களைக் கொடுத்து முதுமைக்குச் சோற்றை வாங்கிக்கொண்டார்கள். அந்தப் பேரம் இப்போது பழைய பேரமாக இல்லை. 2004 ஜனவரி முதல் தேதிக்குப் பின் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு, ராணுவம் நீங்கலாக, பழைய பென்ஷன் முறை கிடையாது. தனியார் கம்பெனிகளில் நிரந்தரம் என்று நம்பிய நாற்காலிகள் 2020இல், கொரோனாக் காலத்தில், எப்படிப் பறிபோயின என்று கண்டோம். முதுமைக்கு உத்தரவாதம் இல்லையென்றால் பகலை மட்டும் ஏன் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை கேட்டால், நம்மிடம் நல்ல பதில் இல்லை.

இப்படி வேலை செய்கிறவனை ஆங்கிலத்தில் 'ஃப்ரீலான்ஸ்' என்பார்கள். லான்ஸ் என்றால் ஈட்டி. 1819இல் வெளிவந்த 'ஐவன்ஹோ' நாவலில் வால்டர் ஸ்காட், கூலிக்குப் போர் செய்யும் வீரர்களைக் குறிக்க இந்தச் சொல்லைக் கையாண்டார். எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாத ஈட்டி! கேட்க அழகாகத்தான் இருக்கிறது. (நாவலாசிரியர்களுக்கு இதில் ஒரு சாமர்த்தியம் உண்டு.) ஆனால் மூன்று நாள் பட்டினி கிடந்த வீரன், கெட்ட பிரபு அழைத்தாலும் போயிருப்பான்.

'இந்த வேலை எனக்கு வேண்டாம்' என்று சொல்ல முடிந்தவன்தான் சுதந்திரன். அதை யாரால் சொல்ல முடிகிறது? அநேகமாக, அப்பாவின் பென்ஷனில் வீட்டு வாடகை நடக்கிற பிள்ளையால். 2020-21இல் நாட்டில் நிலையான உத்தியோகமில்லாமல் இவ்வகையில் வேலை செய்தவர்கள் 77 லட்சம் பேர் என்று நிதி ஆயோக் 2022இல் மதிப்பிட்டது. அவற்றில் உயர்ந்த தேர்ச்சி வேண்டிய வேலைகள் சுமார் 22 சதவீதம்தான். மத்தியான வெயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு விரைகிறவனும் அதே கணக்கில்தான் வருகிறான். அவன் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவனா? உத்தியோகம் கிடைக்காமல் வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரோ!

தகப்பன் நிழலில் நின்று மகன் விடுதலையைத் தேடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தகப்பன் அதற்காகவும்தான் உழைத்தான். ஆனால் அந்த மகனே, "முப்பது வருஷம் அடிமையாக இருந்துவிட்டீர்களே, அப்பா!" என்று சிரிக்கும்போதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த முப்பது வருஷத்தின் மேல் நின்றுகொண்டல்லவா அவன் 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்?

நாளைக்கு இவனுக்கும் ஒரு மகன் பிறப்பான். அவனுக்கும் இருபத்தைந்து வயதாகும். அவன் எதன் மேல் நின்று 'வேண்டாம்' என்பான்? சம்பளக்காரனுடைய வருங்கால வைப்பு நிதிக்கு முதலாளியின் பங்காக 12 சதவீதம் வருகிறது. இவனுக்கு அப்படிச் செலுத்த யாரும் இல்லை. தன் வருமானத்திலிருந்து தானே எடுத்து வைத்தால்தான் உண்டு. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் பலர் இன்னும் அதைத் தொடங்கவில்லை.