காண்பதும் ஏற்பதும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வைத்தியசாலைகளிலே, கழியொலிப் பரிசோதனை அறையின் முன்னே கிடக்கும் வாங்கில் அமர்ந்திருக்கும் இளந் தம்பதியரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கர்ப்பத்தின் 18ஆம் வாரத்துக்கும் 22ஆம் வாரத்துக்கும் இடைப்பட்ட காலம் அது. 'ஸ்கான்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும் அச் சோதனைக்கு அவர்கள் தமக்குள் வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'பிள்ளையைப் பார்க்கப் போகிறோம்' என்பதே அது. வைத்தியரோ அதற்காக அவர்களை அழைக்கவில்லை. மூளை, முள்ளந்தண்டு, இருதயம், சிறுநீரகம், கைகால் என ஒவ்வொன்றாக நோக்கி, குறை ஏதும் உண்டா என்று அறியவே அழைத்திருக்கிறார். திரை ஒன்று, நோக்கங்கள் இரண்டு. இவ்விரண்டுக்கும் இடையிலேதான் நாம் ஈண்டு ஆராய விரும்பும் அறப் பிரச்சினை கிடக்கிறது.

அக் கருவியின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. முதலாம் உலகப் போர்க் காலத்தில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிவதற்காகப் பிரெஞ்சு விஞ்ஞானி போல் லாங்கெவின் கழியொலி அலைகளை ஆராய்ந்தார். பின்னர் உலோகத்தினுள் மறைந்திருக்கும் வெடிப்புகளைத் தேடும் பணிக்குத் தொழிற்சாலைகள் அவ்வலைகளைப் பயன்படுத்தின. அங்கிருந்து அவற்றை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் கிளாஸ்கோ நகரின் மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட். அவரும் ஜோன் மக்விக்கார் என்னும் வைத்தியரும் ரொம் பிறவுண் என்னும் பொறியியலாளரும் 1958இல் 'லான்செற்' சஞ்சிகையில் தம் ஆய்வை வெளியிட்டனர். பகைவனையும் பழுதையும் தேடிய அலைகள் இவ்வாறு பிள்ளையைத் தேடி வந்தன. உலோகத்தில் பழுது கண்டால் அதனை ஒதுக்கிவிடலாம். பிள்ளையிடத்துக் குறை கண்டால் செய்யத்தக்கது யாது? இதற்குக் கருவி விடை கூறாது.

'எங்கள் ஆச்சிமார் ஸ்கான் பார்த்தா பிள்ளை பெற்றார்கள்?' என்று கேட்போர் உளர். அறியாதிருப்பதே நிம்மதி என்பது அவர்களது வாதம். ஆனால் நம் முன்னோர் கருப்பையை ஆபத்தற்ற இடமாக ஒருபோதும் எண்ணியதில்லை. மாணிக்கவாசகர் போற்றித் திருவகவலிலே, கருவானது மாதந்தோறும் ஒவ்வோர் ஆபத்துக்குத் தப்பி வருவதை வரிசையாகச் சொல்கிறார். ஐந்தாம் மாதத்தில் அது சாவுக்குத் தப்புவதும் அவ்வரிசையில் உண்டு. நம்மவர் இன்று ஸ்கான் அறை வாசலில் காத்திருப்பதும் அதே ஐந்தாம் மாதத்தில்தான். தாய்மாரின் கதையோ இன்னும் கொடியது. மலேரியா நாட்டைச் சூறையாடிய 1935ஆம் ஆண்டில், இலங்கையில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அந்நிலையை மாற்றியவர்கள் குச்சொழுங்கைகள் தோறும் நடந்த மருத்துவிச்சிகளும், இலவச வைத்திய சேவையும், கல்வி கற்ற பெண்களுமே. இருதயக் குறையோடு பிறக்கப்போகும் பிள்ளையை முன்னரே அறிந்தால், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது, கொழும்புச் சிறுவர் வைத்தியசாலைக்கு எப்போது கொண்டு செல்வது என்று திட்டமிடலாம். ஆகவே, அறியாமையைப் புனிதமாக்க நாம் உடன்படோம்.

நிற்க. அறிவு யாருடையது என்பதே அடுத்த கேள்வி. எமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததை இங்கு குறிப்பிடல் தகும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த வைத்தியர் மௌனமானார். பின்னர் 'பெரிய வைத்தியரிடம் காட்டுங்கள்' என்று மட்டும் கூறி, ஆங்கிலத்தில் எழுதிய தாளை உறையிலிட்டுக் கொடுத்தார். கணவன் கதவுக்கு வெளியே நின்றான். அத் தாளில் என்ன எழுதியிருந்தது என்பதை மூன்று நாளின் பின்னரே அவர்கள் அறிந்தார்கள். கண்டவர் ஒருவர், சுமப்பவள் இன்னொருத்தி. சுமப்பவளுக்கு அவளது மொழியிலேயே உண்மை சொல்லப்படாவிட்டால், அங்கே நடந்தது பரிசோதனையன்று, அதிகாரமே.

உண்மை சொல்லப்பட்ட பின் என்ன? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைத்தல் குற்றம் என்கிறது. பிறந்தவுடன் இறந்துவிடும் பிள்ளை என்று உறுதியாகத் தெரிந்தாலும் சட்டத்துக்கு அது பொருட்டன்று. 1995இலும் 2017இலும் இதனைத் தளர்த்த எடுத்த முயற்சிகள் நிறைவேறவில்லை. பணமுள்ளவளுக்குக் கடல் கடந்து போக வழியுண்டு. தோட்டத்தில் வெங்காயம் கிண்டும் கூலிப் பெண்ணுக்கோ இரண்டே வழிகள்: செய்தியைச் சுமந்துகொண்டு பத்தாம் மாதம்வரை நடப்பது, அல்லது உயிரைப் பணயம் வைத்து மறைவான இடத்தை நாடுவது. ஒரே திரை காட்டிய உண்மை, வர்க்கத்துக்கு வர்க்கம் வேறு விளைவைத் தருகிறது.

மறுபுறத்தில், 'குறையென்றால் வேண்டாம்' என்னும் அவசரத் தீர்ப்பையும் நாம் ஏற்பதற்கில்லை. எது குறை என்பதைச் சமுதாயமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இந்தியாவில் பெண்ணாயிருப்பதே குறையாக்கப்பட்டது. பாலினத்தை அறிவிப்பதைத் தடுக்க அங்கு 1994இல் சட்டம் பிறந்தது. எனினும், ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் ஆண்களுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண்களின் தொகை 2001இல் 927 ஆக வீழ்ந்தது. நம் நாட்டில் அத்தகைய வீழ்ச்சி இல்லை. ஆயினும் 'ஆணோ பெண்ணோ?' என்று கேட்கும் மாமியின் மனத்திலே சீதன வீட்டின் கணக்கு ஓடவில்லை என்று யாரால் கூற முடியும்?

குறையை ஏற்க நமக்குத் தெரியாது என்பதும் பொய். கண்ணிவெடியில் காலிழந்தோரும், செல்லடியில் கண்ணிழந்தோரும் நம் ஒழுங்கைகளில் வாழ்கின்றனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் தென்மராட்சியை நோக்கி நகர்ந்த இரவில், நடக்க இயலாதவரை நடப்பவர்கள் சைக்கிளிலும் தோளிலும் சுமந்தார்கள். அன்று எவரும் 'இவர் முழு மனிதரா' என்று கேட்கவில்லை. வெடி பறித்த காலுக்கு இரங்கிய நாம், பிறவியிலேயே வளைந்த காலோடு வருபவனைக் கண்டு 'முன்வினை' என்று முணுமுணுப்பது எந்த நியாயம்?

ஆதலின் எமது நிலைப்பாடு இது. முடிவு தாயினுடையது, அவள் உடலின் மேல் சட்டமோ சுற்றமோ தீர்ப்பு எழுதலாகாது. ஆனால், முடிவெடுக்கும் உரிமை மட்டும் அவளைச் சுதந்திரமுள்ளவளாக்கிவிடாது. குறையோடு பிறக்கும் பிள்ளைக்குச் சிகிச்சையும் பள்ளியும் இல்லாத ஊரில், அவள் எடுப்பது தெரிவன்று, அச்சத்தின் கட்டளை. அதே வேளையில், அவ்வசதிகள் வரும்வரை தெரிவை மறுப்போம் என்பதும், சமுதாயத்தின் கடனை ஒரு பெண்ணின் தலையில் ஏற்றும் சூழ்ச்சியேயாகும். இரண்டையும் ஒருங்கே கோருதல் வேண்டும்.

வாங்கில் இருக்கும் அத் தம்பதியர் பிள்ளையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள். திரை எதைக் காட்டினாலும், அதன் பின் அவர்கள் திரும்பி நடப்பது நம் ஊருக்குள்தான். அவர்கள் பிள்ளையைச் சோதிக்கும் அவ்வேளையில் நாமும் சோதிக்கப்படுகிறோம். பிள்ளைக்குரிய விடை அந்த உறைக்குள் இருக்கும். நமக்குரிய விடையை நாம்தான் எழுத வேண்டும்.