பெயர் கொடுத்தவர்

எங்கள் வீட்டில் தாத்தாவின் சயாம் கதைக்கு ஒரே ஒரு வரிதான் உண்டு. "ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போயிட்டான்." நெகிரி செம்பிலானில் கெமாஸுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில், லயத்துக்கு லயம் இதே வரியைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஒரு வீட்டில் கணவனைப் பிடித்துப்போனான், இன்னொரு வீட்டில் கல்யாணமாகாத தம்பியை. போனவர்களில் பலர் திரும்பவில்லை. தாத்தா 1946 தொடக்கத்தில் திரும்பினார். கணுக்காலுக்கு மேலே கையகலத்துக்குப் பளபளவென்று ஒரு தழும்பு. அதைக் காட்டி நான் கேட்டால் வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவார். எனக்குப் பதினைந்து வயதானபோது இறந்தார். அதுவரை சயாமைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை.

சயாமிலிருந்து, அதாவது இன்றைய தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்குப் போர்க்காலத்தில் ஜப்பானியர் ரயில் பாதை போட்டது காஞ்சனாபுரி வழியாக. சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போக முடிவு செய்தேன். பேங்காக் வரை விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் தாத்தா போன வழியிலேயே போகவேண்டும் என்று ஒரு பிடிவாதம். அவரை ஏற்றிய அதே கெமாஸில் ரயிலேறி, கோலாலம்பூர் தாண்டி, வடக்கே எல்லை வரை போனேன். தாத்தாவோடு போனவர்கள் காற்றுப் புகாத இரும்புச் சரக்குப் பெட்டிகளில், படுக்க இடமின்றி, நாலைந்து நாள் போன வழி அது. நான் குளிர்சாதனப் பெட்டியில் அரைத் தூக்கத்தில் போனேன்.

பாடாங் பெசார் நிலையத்தில் இரண்டு நாட்டுக் குடிநுழைவு முத்திரையும் ஒரே கட்டடத்துக்குள் குத்தித் தருவார்கள். அங்கிருந்து சாயங்காலம் பேங்காக்குக்குப் புறப்படும் தாய்லாந்து ரயிலில் ஏறுவது என் திட்டம். ரயிலை விட்டு இறங்கி நிற்கும்போது ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும், துவைத்துத் தேய்த்த சட்டை.

"அண்ணே, எந்த ஊரு?"

சொன்னேன்.

"தோட்டமா? எங்கம்மாவும் பகாவ் பக்கந்தான். ஆயாக்கொட்டகையில வேல செஞ்சவங்க."

அப்புறம் ஐந்து நிமிடம் தோட்டப் பேச்சுத்தான். பால்மரம் போய் செம்பனை வந்தது, கோயில் மட்டும் தனியாக நிற்பது, திருவிழாவுக்கு மட்டும் சனம் திரும்பி வருவது. பிறகுதான் ரயிலைப் பற்றிச் சொன்னார். "சாயங்கால வண்டியில எடமில்லண்ணே. நாளைக்கும் நெறஞ்சிருச்சு. வேன்ல போங்க. ஹாட்யாயில ஒரு வண்டி மாறணும், அவ்வளவுதான். விடிய காஞ்சனாபுரியில எறங்கிடலாம்."

280 வெள்ளி கொடுத்தேன். ஒரு சீட்டு எழுதித் தந்தார். என் சட்டைப் பைக்கு மேலே மஞ்சள் நிறத்தில் வட்டமான ஒட்டுத்தாள் ஒன்றை அவரே ஒட்டி, உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திவிட்டார். "இதப் பாத்தா அடுத்த வண்டிக்காரன் ஒங்களக் கூட்டிக்குவான். எடுத்துறாதீங்க."

ஹாட்யாயில் மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில் வேன் இறக்கிவிட்டது. ஓட்டுநருக்கு இதுவரைதான் கூலியாம். பக்கத்துக் கடைப் பெண் என் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தாள். இரவு பன்னிரண்டு மணி வரை அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் வெளிச்சத்துக்கும் நெஞ்சை நிமிர்த்தி ஒட்டுத்தாளைக் காட்டினேன். மறுநாள் ஹாட்யாய் ரயில் நிலையத்தில் விசாரித்தேன். முந்தைய சாயங்கால ரயிலில் இடம் இருந்திருக்கிறது.

போன பணம் போகட்டும். என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. பாடாங் பெசாரில் டிக்கெட் கவுண்டர் நான் நின்ற இடத்திலிருந்து இருபதடி தூரம். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க நினைத்தேன் என்பதுகூட நினைவிருக்கிறது. ஆனால் அந்த மனிதர் எதிரில் நிற்கும்போது கவுண்டருக்கு நடந்தால், உங்கள் பேச்சில் எனக்கு நம்பிக்கையில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும் அல்லவா? அண்ணே என்று கூப்பிட்டவரிடம் அப்படி நடந்துகொள்ள எனக்கு வரவில்லை. பேராசையாலும் அறியாமையாலும்தான் மனிதர்கள் ஏமாறுகிறார்கள் என்று எத்தனையோ முறை நானே சொல்லியிருக்கிறேன். இப்போது அதை நம்பவில்லை. பாதிக்கு மேல் ஏமாறுவது மரியாதையால்.

காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்து, புல்லைச் சீராக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ரயில் பாதை நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17 அன்று இரு பக்கத் தண்டவாளமும் இணைந்தது. 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகளோடு, அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அங்கே வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். ஆயிரமாயிரமாக அங்கேயே மாண்டார்கள். காலரா வந்த 1943 மழைக்காலத்தில் முகாம் முகாமாகச் செத்தார்கள். வாட் தாவோன் என்ற பௌத்தக் கோயில் வளாகத்தில் அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அண்மையில் தமிழர்கள் நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் கிடையாது. பெரும்பாலோரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

வீடு திரும்பினேன். மனைவியிடம் வண்டி பழுதாகி ஒரு நாள் தாமதமாகிவிட்டது என்றேன். சட்டையில் பசை வட்டமாகக் கறுத்துப்போய், துவைத்தும் போகவில்லை. பஸ்ஸில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்றேன். நண்பர்களுக்குக் கல்லறைத் தோட்டத்துப் படங்களைக் காட்டினேன். அந்தப் படிக்கட்டை யாரிடமும் சொல்லவில்லை. திருடு போயிருந்தால் சொல்லியிருப்பேன். கத்தியைக் காட்டிப் பறித்திருந்தால் பத்துப் பேரைக் கூட்டி வைத்துச் சொல்லியிருப்பேன். என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன் என்பதைத்தான் சொல்ல முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அம்மாவைப் பார்க்கப் போனபோது தாங்க முடியாமல் கொட்டிவிட்டேன். அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் வயது. வெற்றிலையை மடித்தபடி முழுதும் கேட்டார். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒங்க தாத்தாவ யாரும் புடிச்சிட்டுப் போகலடா. அவராத்தான் பேரு குடுத்தாரு."

பாட்டி சாகும் முன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில், தோட்ட எழுத்தரான கிராணி ஒரு தாளை வாசித்தார். மூன்று மாத வேலை. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி. சாப்பாடு, வீடு, மருந்து, ரயில் செலவு எல்லாம் இலவசம். முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஜப்பானியர் அப்போது மலாயா எங்கும் பரப்பிய வாக்குறுதி இதுதான். தாத்தா முதல் ஆளாகக் கை தூக்கினார். அம்மாவுக்கு அப்போது மூன்று வயது. ரப்பருக்கு விலை இல்லை, பால்மரம் வெட்டும் வேலை நின்றுபோய்விட்டது. அரிசியைக் கண்ணால் பார்த்தே மாதக்கணக்காயிற்று, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. சாக்கைக் கிழித்துத் துணியாகக் கட்டிய காலம். பிள்ளைக்குப் பாலுக்குக் காசு வேண்டும் என்று பாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

பிடித்துப்போனதும் பொய்யில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். விரும்பி வந்தவர்கள் போதாமல், தோட்டத்துக்கு இத்தனை தலை என்று கணக்குக் கேட்டார்கள். வேலை செய்துகொண்டிருந்தவர்களை லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கொட்டகைக்குள் கூட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டு போனதும் பதிவுகளில் இருக்கிறது. ஆனால் ஆசைவார்த்தையை நம்பிப் போனவர்களும் நிறையப் பேர். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒருவர்கூட இல்லாதது எப்படி என்று இப்போது யோசிக்கிறேன். எல்லாரும் பிடிபட்டவர்களாகவே இருந்தார்கள். பிடிபட்டவனுக்கு ஊர் அழும். நம்பிப் போனவனை ஊர் என்ன சொல்லும்? அதனால் பாட்டி ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார், புருஷனின் மானத்தைக் காக்க. பக்கத்து வீட்டுப் பெண்களும் அதையே செய்திருப்பார்கள்.

கிராணியிடம் தாத்தா அந்தத் தாளைக் கேட்டுப் பார்த்திருக்கலாமே என்று இன்றைக்கு யாராவது சொல்லலாம். கிராணி வாசித்தால் கேட்டுக்கொள்வது அந்தக் காலத்து மரியாதை. அந்தத் தாத்தாவையே அவர் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கைப்பிள்ளையாகக் கப்பலில் கொண்டுவந்தது ஒரு கங்காணியின் பேச்சைக் கேட்டு. கங்காணியும் சொந்த ஊர்க்காரர், மாமா முறை. தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி கிடைத்தது பின்னால்தான் தெரிந்தது. எனக்குப் பாடாங் பெசாரில் கேட்டதும் அதே குரல்தான் என்று நினைக்கிறேன். எந்த ஊரு, எந்தத் தோட்டம். ஏமாற்றுகிறவன் அந்நியனாக வருவதே இல்லை. அவனுக்குப் பின்னால் வருகிறவர்கள் மட்டும் அந்நியர்கள். ஓட்டுநர் ஓட்ட மட்டும் செய்கிறார், கிராணி வாசிக்க மட்டும் செய்தார், ரயில்காரர் கதவை மூட மட்டும் செய்தார். அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைப் பிடித்துக் கேட்டாலும், நான் இல்லை என்றுதான் பதில் வரும்.

எங்கள் வட்டாரத்தில் மனிதர்களை மட்டும் கொண்டுபோகவில்லை. தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போன கிளைப்பாதையின் தண்டவாளத்தையும் ஜப்பானியர் பெயர்த்துச் சயாமுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாதை மறுபடி போடப்படவே இல்லை. இன்றும் மலாக்கா நகருக்கு ரயில் கிடையாது. எதிர்த் திசையிலும் நடந்தது. 1943 கடைசியில் சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கச் சீனர், யுரேசியர் குடும்பங்களைப் பகாவ் காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். விளைநிலம், நல்ல வாழ்வு என்று பேச்சு. மலேரியாவில் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அவர்களோடு வந்த ஆயர் அட்ரியன் டெவால்ஸும் 1945 ஜனவரியில் உயிர்விட்டார். சயாமுக்குப் போனவர்களின் கதையை அ. ரெங்கசாமியும் ஆர். சண்முகமும் நாவல்களாக எழுதினார்கள். அவர்கள் எழுதியிராவிட்டால் என் தலைமுறைக்கு அந்த ஒற்றை வரிதான் மிஞ்சியிருக்கும்.

அம்மா சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே நாட்கள் போயின. சென்ற தீபாவளிக்குத் தங்கை குடும்பம் வந்திருந்தது. தங்கை மகனுக்கு இருபத்துநாலு வயது. தாய்லாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். கணினி வேலை, மாதம் 7,000 வெள்ளி, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். எல்லை தாண்டியதும் வண்டி அனுப்புவார்கள். எங்கே என்றேன். மே சோட் என்றான்.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மே சோட்டுக்கு எதிர்க்கரை பர்மாவின் மியாவாடி. நடுவே ஓடுவது மோய் ஆறு. வேலை என்று நம்பிப் போன மலேசியர்கள் அங்கே அடைக்கப்பட்டு, அடி உதை பட்டு, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றும் வேலையைச் செய்ய வைக்கப்பட்டதைப் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் அங்கிருந்து மீண்டு 2022 அக்டோபரில் சென்னைக்கு வந்தார்கள். தாத்தாவின் ரயில் பாதை எல்லையைக் கடந்த மூன்று பகோடா கணவாய் அதே எல்லையில், கொஞ்சம் தெற்கே.

முதலில் பத்திரிகைச் செய்திகளைத்தான் சொன்னேன். "தெரியும் மாமா, இது அந்த மாதிரி இல்ல" என்றான். எல்லாருக்கும் இது அந்த மாதிரி இல்லைதான். சரி என்று என் கைப்பேசியைக் கீழே வைத்தேன். காஞ்சனாபுரிப் பயணத்தை அவனுக்குச் சொன்னேன், வண்டி பழுதான கதையை அல்ல. மஞ்சள் ஒட்டுத்தாள், படிக்கட்டு, நெஞ்சை நிமிர்த்திக் காட்டியது, திரும்பி வந்து சொன்ன பொய். மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதுதான் முதல் தடவை. பிறகு அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையை ஆட்டினார். தாத்தா முதல் ஆளாகக் கை தூக்கியதையும் சொன்னேன்.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்.

"பாடாங் பெசார்ல அந்த ஆளு மொதல்ல என்ன கேட்டான் மாமா?"

"எந்த ஊருன்னு கேட்டான். எந்தத் தோட்டம்னு கேட்டான்."

"என்கிட்டயும் அதான் கேட்டாங்க" என்றான்.