கோட்டைப் போடு, தேதியை நீ சொல்!

"டிசம்பருக்குள்ள ரிலீஸ் பண்ணிடலாம்ல?"

மீட்டிங்கில் இந்தக் கேள்வி விழுந்ததும் உன் தலை தானாக ஆடுகிறதே, அந்தத் தலையாட்டலை இன்றோடு நிறுத்து தம்பி! நானும் ஆட்டியவன்தான். கையில் எந்தக் கணக்கும் இல்லாமல் "முடிச்சிடலாம் சார்" என்றேன். அக்காவின் வளைகாப்பு அன்று ஆபீஸில் உட்கார்ந்து பக் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்படியும் ரிலீஸ் இரண்டு மாதம் தள்ளிப்போனது. எனக்கு வேலை தெரியும். "அந்தத் தேதிக்கு முடியாது" என்று சொல்லத்தான் துணிவு வரவில்லை, காட்டுவதற்கு ஆதாரம் இல்லாததால்.

அந்த ஆதாரத்தை அரை மணி நேரத்தில் நீயே உண்டாக்கலாம். எக்ஸெலைத் திற. கீழே படுக்கைக் கோட்டில் ஸ்பிரிண்ட் எண்கள், பக்கத்தில் நிற்கும் கோட்டில் ஸ்டோரி பாயிண்ட், அதாவது உன் டீம் வேலைக்குப் போடும் அளவு. ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் அதுவரை முடித்ததன் கூட்டுத்தொகைக்கு ஒரு புள்ளி வை. டெஸ்டிங் தாண்டி வந்தால்தான் முடிந்த வேலை. "தொண்ணூறு சதவீதம் ஆச்சு" என்பதற்கு மதிப்பெண் பூஜ்ஜியம்!

இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் என்று வை. ஆறு ஸ்பிரிண்டில் உன் டீம் முடித்தது 16, 27, 20, 31, 18, 26. மொத்தம் 138. ரிலீஸுக்குத் தேவை 300, மிச்சம் 162. சராசரி 23 என்று வகுத்து ஒரே தேதியைச் சொல்லிவிடாதே. எல்லாரும் வழுக்கி விழும் இடம் அதுதான். நன்றாக ஓடிய மூன்றின் சராசரி 28, தடுமாறிய மூன்றின் சராசரி 18. கடைசிப் புள்ளியிலிருந்து இந்த இரண்டு வேகத்துக்கும் தனித்தனிக் கோட்டை முன்னோக்கி இழு. ஒன்று இன்னும் ஆறு ஸ்பிரிண்டுக்குள் 300-ஐத் தொடும், இன்னொன்று ஒன்பதில். ஆக, இன்னும் 12 முதல் 18 வாரம். இதை மழுப்பல் என்று யாராவது சொன்னால் குரல் தாழாமல் சொல்: "சார், இது என் டீம் ஓடிக் காட்டிய வேகம்."

இன்னொரு கோடு இருக்கிறது. உன் மானத்தைக் காப்பாற்றுவது அதுதான். மொத்த வேலையை மேலே தனிக் கோடாகப் போடு. தொடக்கத்தில் 260 இருந்தது, "சின்ன சேஞ்ச்தானே" என்று சேர்த்துச் சேர்த்து 300 ஆகியிருக்கும். வேலை இதே மாதிரி ஏறிக்கொண்டே போனால், சராசரி வேகத்தில் ஓடினாலும் இன்னும் பத்து ஸ்பிரிண்ட் ஆகும். மிச்ச வேலையை மட்டும் காட்டும் பர்ன்டவுன் சார்ட்டில் இந்த ஏற்றம் தனியாகத் தெரியாது. பழி உன் டீம் மேல் விழும். நீ போட்டிருக்கும் இந்த பர்ன்அப் சார்ட்டில் இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். 2001-ல் யூட்டா மலையில் கூடி அஜைல் அறிக்கை எழுதிய 17 பேரும் மாற்றத்தை வரவேற்கத்தான் சொன்னார்கள். வேலை கூடினாலும் தேதி நகராது என்று அவர்கள் எங்கும் எழுதவில்லை!

"நாலு பேர் கூடத் தர்றேன், சீக்கிரம் முடி" என்பார்கள். ஐபிஎம்மில் ஓஎஸ்/360 உருவாக்கத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆளைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும். புதியவருக்குக் கற்றுக்கொடுப்பவன் நீ, அந்த நேரமும் உன்னுடையது. ஆகவே ஆளைக் கேட்காதே, சார்ட்டைக் காட்டி, "எந்த 60 பாயிண்டை அடுத்த ரிலீஸுக்குத் தள்ளலாம்?" என்று கேள். தள்ளினால் மிச்சம் 102. தடுமாறும் வேகத்திலும் ஆறு ஸ்பிரிண்டில் முடிந்துவிடும். இப்போது பேரம் உன் கையில்!

பக்கத்து டீம் 50 எடுக்கிறதே என்று மருளாதே. அவர்கள் பாயிண்ட் வேறு அளவு, உன் பாயிண்ட் வேறு அளவு.

ஒவ்வொரு ஸ்பிரிண்டுக்கும் கோட்டைத் திரும்பப் போடு. 12 என்றும் 18 என்றும் விரிந்து நின்ற வாரக்கணக்கு, வேலை குறையக் குறைய நெருங்கி வருவதை உன் கண்ணாலேயே பார்ப்பாய். இன்றைக்கே தொடங்கு. முதல் கட்டத்தில் 16 என்று அடிக்கும்போது விரல் தயங்கும், 20 என்று போடலாமா என்று மனசு கேட்கும். 16 என்றே அடி!